பத்தாவது ஆள் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த அறையில் நானும் ஒரு மைக்கும் மட்டும்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரிப்புக் கதைகளைப் பற்றிப் பேச இதைவிட மோசமான இடம் கிடையாது. எங்கள் ஆச்சி கதை சொல்லும்போது நாங்கள் 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும், "தூங்கிட்டியாலே?" என்று ஒரு அதட்டல் வரும். அதனால் அடுப்படியிலோ கடையிலோ எங்கே இருந்து கேட்கிறீர்களோ, அங்கிருந்தே எனக்காக அவ்வப்போது ஒரு 'ம்' கொட்டிவிடுங்கள்.

நான் பேராசிரியர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடமாக ஒரு கிறுக்கு. யார் சிரிப்புக் கதை சொன்னாலும் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிவைப்பேன். யார் சொன்னது, எங்கே சொன்னது, யார் சிரித்தார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், எல்லாம் இருக்கும். பதினான்கு நோட்டு ஆகிவிட்டது. தாலாட்டையும் ஒப்பாரியையும் நாட்டுப்புற வழக்காறு என்று உடனே ஒப்புக்கொள்கிற நண்பர்கள்கூட, டீக்கடை ஜோக்கை அந்தக் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறார்கள். "அது சும்மா பேச்சு சார்" என்கிறார்கள். சரி, நீங்கள் கடைசியாகச் சொன்ன ஜோக்கை முதலில் கட்டியது யார்? உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் சொன்னவருக்கும் தெரியாது. தாலாட்டைக் கட்டியவர் யார் என்றும் நமக்குத் தெரியாது. அப்புறம் அதற்கு மட்டும் ஏன் தனி மரியாதை?

ஒரே ஒரு ஜோக்கை எடுத்துக்கொள்கிறேன். ஆச்சி சொன்னதுதான். பத்துப் பேர் திருச்செந்தூருக்கு நடந்து போகிறார்கள். வழியில் ஆறு. அக்கரை ஏறியதும் ஒருவன் தலையை எண்ணுகிறான், ஒன்பது. இன்னொருவன் எண்ணுகிறான், அதே ஒன்பது. ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் கேளுங்கள். ஒருத்தனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். இந்த இடத்தில் ஆச்சி நிஜமாகவே ராகம் போட்டு ஒப்பாரி பாடுவாள், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த வழியாக வந்த கிழவி ஒருத்தி, "ஈர மணல்ல ஆளுக்கு ஒருதரம் மூக்கை வச்சுக் குத்துங்கடா, பொறவு குழியை எண்ணுங்க" என்கிறாள். பத்துக் குழி. செத்தவன் பிழைத்துவிட்டான்.

எட்டாவது படிக்கும்போது நூலகத்தில் பரமார்த்த குருவின் கதை கிடைத்தது. வீரமாமுனிவர் எழுதியது. அவர் 1680இல் இத்தாலியில் பிறந்து, பாதிரியாராகத் தமிழ்நாட்டுக்கு வந்து, தேம்பாவணி பாடி, சதுரகராதி செய்தவர். அந்தப் புத்தகத்தில் குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். எண்ணினால் ஐந்துதான் வருகிறது. வழிப்போக்கன் ஒருவன் அவர்களை வரிசையாக நிறுத்தி, முதுகில் ஆளுக்கு ஒரு அடி போட்டு எண்ணி ஆறு ஆக்கிக்கொடுக்கிறான். நான் ஓடிப்போய், "ஆச்சி, நீ சொன்னது தப்பு, புஸ்தகத்துல அடிச்சுத்தான் எண்ணுறான்" என்றேன். ஆச்சி முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அந்த வெள்ளைக்காரச் சாமிக்கு மூக்கு சமாச்சாரத்தை யாரும் சொல்லலை போல, பாவம்."

அதிலிருந்துதான் இந்தக் கிறுக்கு பிடித்தது என்று நினைக்கிறேன்.

பிறகு தேடத் தேட அந்த ஆறு எங்கெங்கோ ஓடியது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கம் கோத்தம் என்று ஒரு ஊர். அந்த ஊர் மூடர்கள் பன்னிரண்டு பேர் மீன் பிடிக்கப் போய், திரும்பும்போது எண்ணினால் பதினொன்று. அங்கே வருகிறவன் சாட்டையால் அடித்து எண்ணுகிறான். இது 16ஆம் நூற்றாண்டிலேயே அச்சில் வந்துவிட்டது, அதாவது வீரமாமுனிவர் பிறப்பதற்கு முன்பே. ஓகோ, அவர் அங்கிருந்து கொண்டுவந்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆதி சங்கரர் தைத்திரீய உபநிடத உரையில் இந்தப் பத்தாவது ஆளை உதாரணம் காட்டுகிறார். தன்னையே தொலைத்துவிட்டுத் தேடுகிற மனிதனுக்கு அவர் சொல்லும் பதில், 'பத்தாவது ஆள் நீதானப்பா' என்பது. வேதாந்தத்தில் அவனுக்குத் தசமன் என்றே பெயர். நம் காலத்தில் ரமண மகரிஷியும் உள்ளது நாற்பதில் அதே தசமனைப் பாடுகிறார். ஆச்சி எங்களைத் தூங்கவைக்கச் சொன்ன கதையை இவர்கள் எழுப்பிவிடுவதற்குச் சொன்னார்கள்.

யார் யாரிடம் வாங்கினார்கள்? எனக்கு அந்த வழக்கில் ஆர்வம் போய்விட்டது. மூக்கா முதுகா என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அறிஞர்கள் இதற்கெல்லாம் எண் போட்டிருக்கிறார்கள். பின்லாந்துக்காரர் அந்தி ஆர்னே 1910இல் தொடங்கிவைத்த கதை வகை அட்டவணை அது. பிறகு அமெரிக்காவின் ஸ்டித் தாம்சன் விரித்தார். அதில் 1200 முதல் 1999 வரை சிரிப்புக் கதைகள். ஆச்சியின் கதை 1287. குருவின் சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி ஏமாறுகிறார்களே, அது 1319. டவுன் பஸ் நம்பர் மாதிரி இருக்கும். ஆச்சியிடம் சொல்லியிருந்தால், "அந்த பஸ்ஸு எங்க போவுது?" என்று கேட்டிருப்பாள்.

சரி, இப்போது ஒரு உண்மைச் சம்பவம். பல வருடம் முன்னால் ஒரு வாத்தியார் நாற்பது பிள்ளைகளைக் குற்றாலத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார். கிளம்பும்போது தாளில் மொத்தம் நாற்பத்தொன்று என்று எழுதிவைத்திருந்தார். குளித்து முடித்துத் திரும்பும்போது எண்ணினால் நாற்பது. வெலவெலத்துப் போய்விட்டார். வண்டி கிளீனர், "சார், உங்களை எண்ணினீங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான், அரை நிமிடத்துச் சமாச்சாரம். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வாத்தியார் யார் என்று கேட்காதீர்கள்.

ஏழெட்டு வருடம் கழித்து, வேறு மாவட்டத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே இருந்தவர், முன்பின் தெரியாதவர், பக்கத்து இலைக்காரருக்குக் கதை சொல்கிறார். "எங்க ஊர்ப் பக்கம் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தாரு..." தமிழ் வாத்தியார் கணக்கு வாத்தியார் ஆகிவிட்டார்! எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சொன்ன கதையில் வாத்தியார் இரண்டு மணி நேரம் அருவிக்கரையில் அழுகிறார். பிறகு போலீஸ் ஸ்டேஷன் போகிறார். "காணாமப் போனவரு அடையாளம் சொல்லுங்க" என்கிறார் ஏட்டு. "அதான் சார், யாருன்னே தெரியல" என்கிறார் வாத்தியார். கடைசியில் ஏட்டு எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, லத்தியால் முதுகில் ஒவ்வொரு தட்டாகத் தட்டி எண்ணுகிறார். நாற்பத்தொன்று.

லத்தி! கேட்டீர்களா? வழிப்போக்கன் கையில் இருந்த அதே அடிதான். சாப்பிட்டு எழுந்ததும் அவரிடம் போய், பரமார்த்த குரு கதை படித்திருக்கிறீர்களா என்று விசாரித்தேன். "அது யாரு, சாய்பாபா மாதிரியா?" என்றார். கிளீனர் கேட்ட கேள்வி சப்பென்று இருந்திருக்கிறது, ஒவ்வொரு வாயும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கிறது. எங்கே சிரித்தார்களோ அந்த இடம் தங்கிவிட்டது, சிரிக்காத இடம் உதிர்ந்துவிட்டது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், 'ம்' கொட்டுகிறவரும் கதையில் பாதி ஆள். புதிதாக நடந்தது பழைய அச்சுக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் நோட்டில் எழுதும்போது அவர் சொன்னதைத்தான் முதலில் எழுதினேன். அதுதான் நன்றாக இருந்தது.

இன்னொன்று. இந்த மூடர்கள் எப்போதும் பக்கத்து ஊர்க்காரர்கள். எங்கள் ஊரில் ஆற்றுக்கு அக்கரை ஊரைச் சொல்வார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே பெண் எடுத்த பிறகு போய்க் கேட்டேன், அத்தனை கதையும் எங்கள் ஊர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது! இங்கிலாந்துக்குக் கோத்தம் போல ஜெர்மனியில் ஷில்டா, போலந்து யூதர்களுக்கு ஹெல்ம். பக்கத்து ஊர் வரைக்கும் சரி. ஒரு சமூகத்தின் பேரிலேயே ஒட்டிவிட்டால் விளையாட்டு விளையாட்டாக இருப்பதில்லை. சர்தார் ஜோக்குகளைத் தடுக்கக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒழுக்க நெறி வகுப்பது தன் வேலை இல்லை என்று 2017இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கும் தடையில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த ஜோக்கை நான் சொல்வதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. நோட்டில் மட்டும் இருக்கிறது.

தெனாலிராமன், முல்லா நஸ்ருதீன், சிங்களவர்களின் அரசவைக் கோமாளி அண்டரே என்று மூன்று பக்கம் எழுதி வந்திருந்தேன். தயாரிப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். முல்லா கதைகளைச் சொல்லும் மரபை 2022இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது, துருக்கி முதல் கிர்கிஸ்தான் வரை ஏழு நாடுகள் சேர்ந்து கேட்டன என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

உண்மையில் இன்று பேச நினைத்தது பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கதைகளைப் பற்றி. என் பதினான்கு நோட்டில் அது ஒரு நோட்டுகூட இல்லை. "ஆம்பளை வந்து உட்கார்ந்தா நாங்க வேற பேச்சு பேசுவோம்" என்று என் மனைவி எப்போதோ விளக்கிவிட்டாள். அவள் எனக்குக் கொடுத்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிச்சைக்காரன் வாசலில் நிற்கிறான். மருமகள், "ஒண்ணும் இல்லை, போப்பா" என்கிறாள். குளத்துக்குப் போய்விட்டு வரும் மாமியார் தெருமுனையில் அவனைப் பார்த்து விசாரிக்கிறாள். "இல்லைன்னு சொல்ல அவ யாரு? வீட்டுக்கு நானா அவளா பெரியவ? வா என் கூட." அவனும் ஆசையாகப் பின்னாலேயே வருகிறான். மாமியார் படியேறி நின்று, இடுப்பில் கைவைத்து, "இப்ப நான் சொல்றேன், ஒண்ணும் இல்லை, போ" என்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் இல்லை என்று சைகை வருகிறது. அதைச் சொல்ல அவர் யார்? இப்போது நான் சொல்கிறேன், நேரம் இல்லை. வணக்கம்.