மத்தளத்துக்கு இரண்டு பக்கமும்

(டர்பன் அருகே ஃபீனிக்ஸில், கோயில் மண்டபம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். கஞ்சி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன். தமிழில் பேசச் சொன்னீர்கள். புரியாத பிள்ளைகளுக்கு ஆயாக்கள் காதோடு சொல்லிவிடுங்கள்.

1944 ஏப்ரலில் நம் ஆட்கள், நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர்களான காஜியும் பத்தரும், பிரிட்டோரியாவில் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். டர்பனில் இந்தியரும் வெள்ளையரும் ஒருவரிடம் ஒருவர் வீடு நிலம் வாங்க முடியாதபடி முந்தின வருடம் போட்ட ‘பெக்கிங்’ சட்டத்தை அரசு எடுத்துவிட வேண்டும். பதிலுக்கு, யார் எந்த வீட்டில் குடியிருக்கலாம் என்பதை ஒரு வாரியம் பார்க்கட்டும். பாதி கொடுத்துப் பாதி வாங்குகிற பேச்சு. நேட்டால் வெள்ளையர் கொதித்தார்கள். உடன்பாடு அந்த வருடமே செத்தது. நம் பக்கத்தில், ‘எங்களை விற்றுவிட்டார்கள்’ என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். 1945 அக்டோபரில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் டாக்டர் மான்டி நாயக்கர் கைக்கு வந்தது. மறு வருடம் இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் ஒதுக்கிய இடங்களுக்குள் அடக்கும் கெட்டோ சட்டம், அதை எதிர்த்து அம்பிலோ சாலை முனையில் கூடாரம், அப்புறம் சிறை. நாயக்கர் செய்தது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. கெஞ்சிப் பார்த்து ஆயிற்று, பிறகு என்ன செய்வார்?

நமக்கு வடக்கே கரும்புக்காட்டு நடுவில் க்ரூட்வில் இருக்கிறது. அங்கே ஆல்பர்ட் லுதுலி. வாத்தியார், ஊர்த்தலைவர், தேவாலயத்தில் பிரசங்கம் செய்பவர். இவரைவிட மிதமான மனிதர் கிடைப்பாரா? 1952இல் அரசு அவருடைய ஊர்த்தலைவர் பதவியைப் பறித்தது. அப்போது அவர் சொன்னது: முப்பது வருடம் பொறுமையாக, அடக்கமாக ஒரு மூடிய கதவைத் தட்டியிருக்கிறேன், பலன் என்ன? 1960இல் ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அவர் தலைமை தாங்கிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கட்சிக்குத் தடை வந்தது. ஆயுதம் எடுப்பதா என்று ஸ்டாங்கர் பக்கம் ராத்திரி முழுக்க வாதம் நடந்தது. ‘அகிம்சை நம்மைக் கைவிடவில்லை, நாம்தான் அதைக் கைவிட்டோம்’ என்றார் நம் இந்தியக் காங்கிரஸின் ஜே.என். சிங். எடுபடவில்லை. 1961 டிசம்பர் 10 அன்று லுதுலி ஆஸ்லோவில் நோபல் அமைதிப் பரிசு வாங்கினார். ஆறே நாள், 16ஆம் தேதி, அந்தக் கட்சியினர் தொடங்கிய ஆயுதப் படையான உம்கோண்டோ வெ சிஸ்வேயின் குண்டுகள் வெடித்தன. அந்தப் படையில் சேர்ந்த நம் பில்லி நாயர் ராபன் தீவில் இருபது வருடம் கழித்தார். வெடி வைத்தவரைத் திட்டுவது சுலபம். கதவைத் தாழ்ப்பாள் போட்டவன் கதை யாருக்கும் ருசிக்காது.

பழங்கதை போதும். 2021 ஜூலை. முன்னாள் அதிபர் ஜுமா சிறை போனதும் கலவரம், கடைக் கொள்ளை. நம் ஃபீனிக்ஸிலேயே 36 உயிர். தெருவுக்குத் தெரு நம் ஆட்கள் போட்ட தடுப்பு, பக்கத்து இனாண்டாவிலிருந்து வரும் கறுப்பின மக்களை நிறுத்த. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் முதல் ராத்திரி வாட்ஸ்ஆப் குழுவில் எழுதினார்: ‘இனாண்டாக்காரர்கள் தினமும் நம் கடைக்கு ரொட்டி வாங்க வருபவர்கள். தோலைப் பார்த்து நிறுத்தாதீர்கள்.’ அவ்வளவுதான். ‘போய் அவங்களோடயே இரு’ என்று பதில்கள் கொட்டின. அரை மணியில் அவர் குழுவிலேயே இல்லை. மறுநாள் வேலைக்குப் போனவரின் கார்க் கண்ணாடியை எதிர்ப்பக்கத்துக் கூட்டம் கல்லால் உடைத்தது. மூன்றாம் ராத்திரி தடுப்புக்கு முன்னால் இரும்புக் குழாயோடு நின்றவர் அவர்தான். எல்லாரையும்விட அவர் குரல்தான் ஓங்கியிருந்தது.

அந்தக் குழுவுக்கு அட்மின் நான். அவரை நீக்கியது என் விரல்.