தனுஷ்கோடியை எழுத வருகிறவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். அழைப்பிதழில் 'படைப்பாற்றலும் தன்னாய்வும்' என்று பெரிய தலைப்பாகப் போட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிதாகப் பேச எனக்கு வராது. இந்தக் கரையில் எழுதுகிறவர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அதை வைத்துக் கொஞ்சம் சொல்கிறேன்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் யார் கதை எழுத உட்கார்ந்தாலும் முதல் கதை தனுஷ்கோடிதான். இடிந்த தேவாலயம், சூரிய அஸ்தமனம், ஒற்றைக் காகம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலும், பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோனதும் தவறாமல் வந்துவிடும். எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுதியவர் உள்ளூர்க்காரரா, 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு வேனில் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனவரா என்பது பிரதியைப் படித்தால் தெரிவதில்லை. எனக்கு இடிக்கிற இடம் அதுதான்.

அந்தப் பக்கம் குடிசை போட்டிருக்கிறவர்கள் குடிதண்ணீருக்கு மணலைத் தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கிறது. குனிந்து கொஞ்சம் மொள்ள வேண்டும், ஊறும்வரை காத்திருக்க வேண்டும், மறுபடி மொள்ள வேண்டும். அவசரப்பட்டு ஆழத் தோண்டினாலும், ஒரேயடியாக இறைத்தாலும் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். தேவாலயத்தை எழுதிய எத்தனையோ பேர் இந்தக் குழியை எழுதவில்லை. எழுத்துக்கான ஊற்றும் ஏறக்குறைய இப்படித்தான் என்று நினைக்கிறேன். சாயங்காலம் எழுதியதை ராத்திரியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, காலையில் எத்தனை பேர் 'அருமை' போட்டார்கள் என்று எண்ணுகிறவருக்கு அடுத்த கதை கரிக்கத்தான் செய்யும்.

அப்புறம் தன்னாய்வு. 'நான் யார்?' என்று டைரியில் பக்கம் பக்கமாக எழுதுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பெரும்பாலும் அது தன்மேல் தானே இரக்கப்படுவதில் போய் முடிகிறது. அதற்குப் பதில் உங்கள் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிடமும் கேளுங்கள்: இது நான் பார்த்ததா, எங்கேயோ படித்ததா, இல்லை, பார்த்தேன் என்று மற்றவர்கள் நினைக்க வேண்டும் என்பதற்காக எழுதியதா? மூன்றாவதுதான் ஆபத்து. அது நன்றாக எழுதிய வரி மாதிரியே இருக்கும்.

'நீலக்கடல் ஆர்ப்பரித்தது' என்று ஒரு வரி. எந்தக் கடல்? தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் சொல்கிற ஊர் இது. தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்கே இரைச்சல், வடக்கே அசைவு குறைவு. வாடை விழுந்தால் கதை மாறிவிடும். எந்த மாதம், எந்தக் கரை என்று தெரியாமல் கடலை ஆர்ப்பரிக்க விட்டால் மீன்காரர்கள் சிரிப்பார்கள்.

பாம்பன் பக்கத்துத் தம்பி ஒருவர் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். 'கடலன்னையின் மடியில் பூப்பறிக்கும் தேவதைகள்' என்று ஆரம்பம். அவருடைய அம்மாவே பாசிக்குப் போகிறவர். "இதை அம்மாவிடம் படித்துக் காட்டினீர்களா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. போய்ப் படித்திருக்கிறார். முழுசும் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான்: "விரல்ல துணி சுத்தாம எவ பாறையில கை வைப்பா?"

திருத்தி எழுதியதில் தேவதைகள் இல்லை. விடியுமுன் விளக்கடியில் அம்மா பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றுகிறாள். இடது கை முடிந்துவிட்டது. வலது கையில் சுற்றும்போது, கட்டுப்போட்ட விரல்களுக்கு முடிச்சு பிடிபடவில்லை. பல்லால் கடித்து இறுக்குகிறாள். அந்தத் தம்பி பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி அது. எழுத உட்கார்ந்தபோது அது மட்டும் ஞாபகம் வரவில்லை, யாரோ எழுதிவைத்த தேவதைதான் வந்தாள். தன்னாய்வு என்று நான் சொல்வது, அந்தத் தேவதை எங்கிருந்து வந்தாள் என்று விசாரிப்பதை.

இங்கே ராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதி இருக்கிறது. பஸ்ஸில் தாண்டிப் போகிறோம், அவ்வளவுதான். திருச்சியில் நாயக்கர் அரசில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், உதறிவிட்டு வந்தவர். பல பாடல்களில் தன் மனத்தைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார், துளி சலுகை கிடையாது. பக்தி இல்லாதவர்களும் அதற்காகவே அவரைப் படிக்கலாம்.

நேரம் கிடைப்பதில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள், நியாயம்தான். விசைப்படகில் போகிற ஒருவர் ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எழுதுகிறார். மற்ற மாதங்களில் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாராம். நல்ல ஏற்பாடு. தடைக்காலத்தில் வீட்டுச் செலவு எப்படி ஓடுகிறது என்பதை அவர் இன்னும் எழுதவில்லை, அதையும் கேட்டிருக்கிறேன்.

சரி, பேச்சு போதும். பிரதி கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். முழுதும் வேண்டாம், ஒரு பக்கம் சத்தமாகப் படியுங்கள். மண்டபம் ஊர்க்காரர்கள் முதலில் படித்துவிடுங்கள், உங்களுக்கு பஸ் போய்விடும்.