ரீமேப் செய்த டர்போ காருக்கு மலையில் எந்த கிளட்ச் போடலாம்?

வணக்கம் நண்பர்களே. குன்னூரிலிருந்து பேசுகிறேன். டர்போ காரை ரீமேப் செய்த பிறகு, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டிய பிறகு, கம்பெனி கிளட்ச் தாங்கவில்லை, வெளியில் எதை வாங்கிப் போடலாம் என்று கேட்பவர்களில் பெரும்பாலோர், அது எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, தாங்கும் என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். சமவெளியில் ஓடும் காருக்கு அந்தக் கேள்வி ஏறக்குறைய போதும். தினமும் மலையில் ஏறி இறங்கும் காருக்கு அது பாதிக் கேள்விதான். மீதிப் பாதியைப் பற்றியே இந்த வீடியோவில் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் மேசையில் இருக்கும் இந்த கிளட்ச் பிளேட்டைப் பாருங்கள். 2011இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா லாரா ஆர்எஸ் காரிலிருந்து கழற்றியது இது. 1.8 லிட்டர் டர்போ எஞ்சின், 160 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவல். ரீமேப்புக்குப் பிறகு இந்த வண்டியின் டார்க் 340 வரை போயிருந்தது. கேமராவை அருகில் கொண்டுவருகிறேன், ரிவெட்டின் தலையைக் கவனியுங்கள்: அதற்கு மேல் லைனிங், அதாவது உராய்ந்து பிடிக்கும் படலம், இன்னும் நன்றாகவே மிச்சம் இருக்கிறது, அதாவது பிளேட் தேய்ந்து தீரவில்லை. ஆனால் அதன் மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளக்கிறது, நகத்தால் கீறினாலும் பொடி வரவில்லை, மோந்து பார்த்தால் கருகிய வாடை இன்னும் போகவில்லை. பக்கத்தில் இருக்கும் ஃப்ளைவீலின், அதாவது பிளேட் ஒட்டிப் பிடிக்கும், எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரத்தின், முகத்தில் திட்டுத் திட்டாக நீலம் ஓடியிருக்கிறது. இந்த கிளட்ச் சூட்டினால் செத்தது.

ஆகவே கிளட்சிடம் நாம் எதிர்பார்ப்பவை இரண்டு. ஒன்று, முழுதாகப் பிடித்த பிறகு எஞ்சினின் உச்ச டார்க்கை வழுக்காமல் கடத்துவது. நான்காம் கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது வண்டியின் வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் அங்கே தோற்றுவிட்டது என்று பொருள். மற்றொன்று, வண்டி நின்ற நிலையிலிருந்து நகரும் அந்தச் சில நொடிகளில், வழுக்கிக்கொண்டே பிடிக்கும்போது, எழும் சூட்டைத் தாங்குவது. விளம்பரத்தில் முதலாவதற்கு மட்டுமே எண் போடுகிறார்கள்.

மலையில் இரண்டாவது எவ்வளவு பெரிதாகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது, சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். 1,400 கிலோ எடையுள்ள கார், எட்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் மலை ரயிலின் பல்சக்கரப் பாதையிலேயே உச்சபட்ச ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்றுதான். ஆனால் குன்னூர் ஊருக்குள் வீட்டுக்கு ஏறும் சந்துகளில் எட்டுக்கு ஒன்று அபூர்வமல்ல. அந்த ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தவே, முதல் கியரில் கிளட்சுக்கு ஏறத்தாழ 45 நியூட்டன் மீட்டர் செலவாகிவிடுகிறது. ஓட்டுநர் 90 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் பிடிக்க விட்டால் பாதி நிறுத்தவும் பாதி நகர்த்தவும் போகிறது. கிளட்சில் எழும் சூடு சமதளத்தில் கிளம்புவதைப் போல இரு மடங்கு. பேருந்தின் பின்னால் ஊர்ந்தபடி மெதுவாக விட்டு 60 மட்டும் பிடிக்க வைத்தால் நகர்த்துவதற்கு மிஞ்சுவது 15 தான், சூடு நான்கு மடங்காகிறது. ஹேண்ட்பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் கிளட்சிலேயே 1,500 ஆர்பிஎம்மில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம்: ஏழு கிலோவாட், அதாவது ஏழு இஸ்திரிப் பெட்டிகளின் சூடு, அந்த மெல்லிய வட்டத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு, நீலகிரியின் டிஎன் 43 பதிவெண் உள்ள நமக்குப் பாஸ் தேவையில்லை என்றாலும், சீசனில் சோதனைச் சாவடியின் வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதை உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உயரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ முழுதாகச் சுழலத் தொடங்கிய பிறகு அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆனால் வண்டி கிளம்பும் 1,200 ஆர்பிஎம்மில் டர்போ இன்னும் விழித்திருக்காது, எஞ்சின் மூச்சுத் திணறும், ஓட்டுநர் தானாகவே கூடுதலாக ரேஸ் கொடுத்துக் கிளட்சை மெதுவாக விடுவார். அதே கார் அன்று மாலையே மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போனால் அங்கே முழு 340 நியூட்டன் மீட்டரும் வெளிவரும். மேலே அதிகச் சூடு, கீழே அதிக டார்க். நம் கிளட்ச் இரண்டையும் ஒரே நாளில் சமாளித்தாக வேண்டும்.

இனி பொருளுக்கு வருவோம். கிளட்ச் கடத்தும் டார்க்கைக் கூட்ட வழிகள் சிலவே: கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தைக் கூட்டலாம், உராய்வு அதிகமுள்ள லைனிங்கைப் போடலாம், விட்டத்தைப் பெரிதாக்கலாம், பிளேட்டுகளின் எண்ணிக்கையை அதிகரிக்கலாம். விட்டம் பெல் ஹவுசிங்குக்குள், அதாவது கிளட்சை மூடியிருக்கும் கூட்டுக்குள், அடங்க வேண்டும் என்பதால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது.

நம் ஊர் இளைஞர்கள் முதலில் ஆசைப்படுவது ஆறு துண்டுகள் பதித்த செராமிக் பிளேட்டைத்தான். பார்க்க அழகாக இருக்கும், டார்க் எண்ணும் கவர்ச்சியாக இருக்கும், சூட்டையும் கம்பெனி பிளேட்டுகளில் வழக்கமாக இருக்கும் ஆர்கானிக் லைனிங்கை விடப் பல மடங்கு நன்றாகத் தாங்கும். அப்படியென்றால் மலைக்கு அதுதானே பொருத்தம் என்று கேட்பீர்கள். இல்லை என்பதே என் உறுதியான கருத்து. சாதாரணப் பிளேட்டில் இரண்டு லைனிங்குகளுக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறது. பெடலை விடும்போது அது படிப்படியாக அமுங்குவதால்தான் பிடிப்பு மெதுவாகத் தொடங்குகிறது. பெரும்பாலான செராமிக் பிளேட்டுகளில் அந்தத் தகடு கிடையாது. பிடித்தால் முழுதாகப் பிடிக்கும், விட்டால் முழுதாக விடும். ஏற்றத்தில் பின்னால் ஒரு பைக் ஒட்டி நிற்கும்போது, ஒன்று வண்டி அணைந்து பின்னால் உருளும், அல்லது முன்னால் இருக்கும் வண்டியின் பம்பரை நோக்கித் துள்ளும். துள்ளலைத் தவிர்க்கச் சற்று வழுக்க விட்டாலோ, வண்டி முழுவதும் கடகடவென்று அதிரும். அந்த அதிர்ச்சியெல்லாம் கியர்பாக்ஸிலும் ஆக்சில் மூட்டுகளிலும்தான் போய் இறங்குகிறது. ட்ராக்குக்கு மட்டும் போகும் காருக்கு அது நல்ல பொருள். குழந்தையைப் பள்ளிக்கு இறக்கிவிடும் காருக்கு அல்ல.

கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையால் ஆன லைனிங் மென்மையாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும், ஃப்ளைவீலையும் அரிக்காது. ஆனால் தொடர்ந்து வழுக்கிச் சூடேறினால் அதன் மேற்பரப்பு கண்ணாடி போல் மெருகேறிப் பிடிப்பை இழந்துவிடும்; வரிசையில் ஊரும் நமக்கு அதுதானே அன்றாடம். இரட்டைப் பிளேட் ஆர்கானிக் செட் கிடைத்து, பணமும் இருந்தால், பெடல் லேசாகவே இருந்து டார்க்கும் தாங்கும். நியூட்ரலில் வரும் சலசலப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் போடச் சொல்வது இதுதான்: வலுவூட்டப்பட்ட பிரஷர் பிளேட், அதோடு முழு வட்ட ஆர்கானிக் லைனிங், நடுவில் ஸ்பிரிங் வைத்த ஹப். சாக்ஸ் கம்பெனியின் பெர்ஃபார்மன்ஸ் வரிசையில் இத்தகைய செட்டுகள் இருக்கின்றன. எக்ஸெடி கம்பெனியில் ஸ்டேஜ் 1 என்பது ஆர்கானிக், ஸ்டேஜ் 2 என்பது செராமிக்கும் உலோகமும் கலந்த செராமெட்டாலிக். ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 இன்னொரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 ஆகாது, ஆகவே ஸ்டேஜ் எண்ணை விட்டுவிட்டு டார்க் எண்ணையும் லைனிங்கின் வகையையும் மட்டும் பாருங்கள். குதிரைத்திறனில் கிளட்சை விற்பவரிடம் வாங்காதீர்கள். கிளட்சுக்குத் தெரிந்தது டார்க் மட்டுமே. உங்கள் உச்ச டார்க்குக்கு மேல் 20 முதல் 30 சதவீதம் இடைவெளி போதும். 340க்கு 420 சரி. 600 வாங்கினால் பெடல் கல்லாகும், இடது முழங்கால் வலிக்கும், ஒவ்வொரு மிதியிலும் கிராங்க்ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங் கூடுதல் சுமையைச் சுமக்கும். கிளட்ச் வழுக்கிக் காப்பாற்றியிருக்கக்கூடிய இடத்தில் கியர் பல் உடையும்.

ஃப்ளைவீலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் கிளட்சோடு சேர்த்து எடை குறைந்த ஃப்ளைவீலையும் தலையில் கட்டிக்கொள்கிறார்கள். எடை குறைந்தால் எஞ்சின் சட்டென்று சுழன்றேறும், உண்மைதான். ஆனால் ஏற்றத்தில் கிளம்பும்போது வண்டியை அணையவிடாமல் காப்பது அந்தச் சுழலும் எடைதான். கிளட்சின் சூட்டை முதலில் உள்வாங்குவதும் அதே இரும்புதான். இரண்டையும் குறைத்துவிட்டு மலையில் ஓட்டுவது வீண் வம்பு. நம் ஓசூரிலும் ஆலை வைத்திருக்கும் லூக் நிறுவனம் 1985இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த இரட்டை நிறை ஃப்ளைவீல், அதாவது நடுவில் ஸ்பிரிங் வைத்து இணைத்த இரண்டு பாகங்கள் கொண்டது, எஞ்சினின் அதிர்வைக் கியர்பாக்ஸுக்குப் போகவிடாமல் தடுக்கிறது. அது ஆட்டம் காணாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நீலம் பாய்ந்து, ஆட்டமும் கண்டிருந்தால் லேத்தில் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

கியர்பாக்ஸை இறக்கும் கூலி ஒருமுறைதான் என்பதால், ரிலீஸ் பேரிங்கையும் கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். அந்தச் சீலில் கசியும் ஒரு துளி எண்ணெய் புது பிளேட்டைப் பாழாக்கும். கிளட்ச் ஆயிலும் புதிதாக இருக்கட்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம், நம் ஊரில் ஈரத்துக்கு என்றுமே பஞ்சமில்லை.

பொருத்திய பிறகு முதல் 800 கிலோமீட்டர் வரை டர்போவை முழுதாக எழுப்பாதீர்கள். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓட்டிச் சேர்க்கும் கிலோமீட்டர் இதில் சேராது. பெடலை மிதித்து விடும் ஒவ்வொரு முறையும்தான் லைனிங் ஃப்ளைவீலோடு ஒட்டிப் பழகுகிறது. அதற்கு மலைப்பாதையும் சரியான இடமல்ல, பழகாத லைனிங் ஏற்றத்தின் சூட்டில் மெருகேறிப் பிடிப்பை இழந்துவிடும். முடிந்தால் வண்டியைக் கோவையிலேயே பொருத்தி, சில நாட்கள் அவினாசி சாலையின் சிக்னல்களில் நின்று நின்று ஓட்டிவிட்டு மேலே கொண்டுவாருங்கள். அதன் பிறகு நான்காம் கியர் சோதனையைச் செய்து, முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறுகின்றனவா என்று கமெண்டில் எழுதுங்கள்.