கோணல் எங்கே, எத்தனை மில்லிமீட்டர்?

(மரவேலை ஆர்வலர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பட்டறை நண்பர்களே, வணக்கம்.

புகையிலை பைப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் ஒரு பெரியவர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். நியாயம்தான் ஐயா. புகையிலை கெடுதல், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. யாரையும் பிடிக்கச் சொல்ல நான் வரவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மரப்பொருள். அதைச் செய்தவனிடம் அதன் குறையை எப்படிச் சொல்வது, அவன் அதை எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதுதான் என் விஷயம். நாற்காலி செய்கிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். மரத்தின் பெயர் பிரையர். தாவரவியலில் எரிகா ஆர்போரியா. கோர்சிகா, இத்தாலியின் கலாப்ரியா, கிரீஸ் என்று மத்தியதரைக் கடலோரம் புதராக வளர்வது. தண்டும் வேரும் சேருமிடத்தில் அதற்கு ஒரு முண்டு கட்டும். அந்த முண்டுதான் பைப்புக்கான கட்டை. வெட்டியெடுத்து, காயவிடாமல் ஈரமாகவே வைத்து அறுத்து, மணிக்கணக்கில் தண்ணீரில் வேகவைத்து, பிறகு மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், உலர்த்துவார்கள். சூடு தாங்கும், லேசில் தீப்பிடிக்காது. பிரான்சில் ஜூரா மலைப்பக்கத்து சான்-குளோத் ஊரில் 1850களில் இந்தக் கட்டையில் பைப் செய்யத் தொடங்கினார்கள்.

புகையிலை போடுகிற பகுதி கிண்ணம். அதிலிருந்து நீள்வது தண்டு. தண்டில் செருகுகிற கறுப்புக் குழல்தான் வாய்க்குழல். எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்வார்கள், இல்லையென்றால் அக்ரிலிக். வாய்க்குழலின் ஒல்லி நுனியான கழுந்து தண்டின் குழிக்குள் போய் உட்காரும். நம் தச்சர்கள் சொல்கிற அதே கழுந்துதான், உருண்டையாக இருக்கும், அவ்வளவே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டென்மார்க்கின் கைவேலை பைப்புகளுக்கு உலகமெங்கும் பெயர் வாங்கித் தந்தவர் சிக்ஸ்டன் இவர்சன். 1910இல் பிறந்த ஸ்வீடன்காரர், கோபன்ஹேகனில் தொழில் செய்தவர், 2001இல் காலமானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தது பைப் பழுது பார்க்கிற ஒரு கடை வழியாக. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பழுது பார்க்கிற மேசைக்கு யாரும் நல்ல பைப்பைக் கொண்டுவருவதில்லை. கழுந்து முறிந்தது, முனையில் பல் இறங்கியது, அடி கருகியது, இழுத்தால் கொடகொடவென்று தண்ணீர் சத்தம் போடுவது எல்லாம் அங்கே வரிசையாக வந்து நிற்கும். பழுது பார்க்கிறவன் 'இது அழகாக இல்லை' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. எங்கே கோளாறு, எவ்வளவு, எந்தக் கருவியை எடுப்பது என்று கை போய்த்தான் ஆகவேண்டும். குறை சொல்ல வருகிறவன் அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த மேசையிலிருந்து பார்த்தால் எதை முதலில் சொல்வது என்பதும் தெரியும். புதிதாகச் செய்கிறவர் பைப்பை நீட்டியதும் எல்லோரும் மேல்தோற்றத்துக்குப் போய்விடுகிறார்கள். மர ரேகை எப்படி, சாயம் எப்படி, பளபளப்பு எப்படி என்று. நான் துளையில் தொடங்கச் சொல்வேன். பைப் துடைக்கிற பஞ்சுக்கம்பி ஒன்றை வாய்ப்பக்கத்திலிருந்து விடுங்கள். தடைபடாமல் கிண்ணத்தின் அடியில் எட்டிப் பார்க்கிறதா? காற்றுத் துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில், நட்டநடுவில் திறக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் மேலே திறந்தால் அடிப்புகையிலை சரியாக எரியாமல் ஈரச் சக்கையாகத் தங்கும். கழுந்தின் நுனிக்கும் குழியின் தரைக்கும் இடையில் இடைவெளி விட்டால் அங்கே புகை குளிர்ந்து நீர் கோத்துக்கொள்ளும். கொடகொட சத்தத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இதிலெல்லாம் ரசனை பேச இடமில்லை. சரியா தப்பா என்று இரண்டே பதில்.

அடுத்து, பல்லால் கவ்வுகிற முனை. அதை ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்போம். காற்றுத் துளை பெரும்பாலும் நான்கு மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். அதன் பரப்பு சுமார் 12.5 சதுர மில்லிமீட்டர். வாயில் சுகமாக இருக்க முனையை ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டையாக்க வேண்டும். மேலும் கீழும் சுவர் விட்டால் உள்ளே துளைக்கு மிஞ்சுகிற உயரம் ஒன்றரை மில்லிமீட்டர். அதே அளவு காற்று போக வேண்டுமானால் அகலம் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அதனால் துளையை விசிறி மாதிரி விரித்துக்கொண்டே வர வேண்டும். அதுவும் ஊசி அரத்தால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து. கடையில் வாங்குகிற வார்ப்பு வாய்க்குழலைச் செருகி விற்கிறவனையும் எபோனைட் கம்பியிலிருந்து கையால் எடுத்தவனையும் இந்த ஒரு சென்டிமீட்டரில் பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பைப்பை விமர்சிக்கிறவர்களில் பாதிப் பேர் முனையைப் பார்ப்பதே இல்லை! படத்தில் அது தெரியாது என்பது ஒரு காரணம். படம் அனுப்பி அபிப்பிராயம் கேட்கிறவர்கள் அழகான ஒரு கோணத்தை மட்டும் அனுப்புகிறார்கள். நேர்பக்கவாட்டு, மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று, முனை அருகிலிருந்து ஒன்று, இத்தனையும் இல்லாத படத்துக்கு நான் பதிலே சொல்ல மாட்டேன்.

வடிவத்துக்கு வருவோம். இங்கேதான் சண்டை. பில்லியர்ட் என்று ஒரு பழைய வடிவம் இருக்கிறது: நேரான தண்டு, லேசாகப் பருத்த கிண்ணம், கிண்ணத்தின் உயரமும் தண்டின் நீளமும் ஏறக்குறைய சமம். பார்க்க ஒன்றுமே இல்லை போல இருக்கும். சங்கீதம் கற்றவர்களுக்குச் சொன்னால் புரியும்: அது சரளி வரிசை. ஒரு ஸ்வரம் பிசகினால் அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் தெரிந்துவிடும். புதியவர்களுக்கு அது பிடிப்பதில்லை. எடுத்த எடுப்பிலேயே கொம்பு, எரிமலை, காளான் என்று மனம்போன வடிவங்களுக்குத் தாவுகிறார்கள். ஏன் இந்த இடம் புடைத்திருக்கிறது என்று கேட்டால் 'ரேகை அப்படிப் போயிற்று, மரம் அப்படிச் சொன்னது' என்பார்கள். மரம் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் அரம் நழுவிற்று.

இதில் இவர்சன் பெயரையே சாட்சிக்கு இழுப்பவர்கள் உண்டு. அதுவரை துளையைப் போட்டுவிட்டு அதைச் சுற்றி வடிவம் கடைவதுதான் வழக்கம். அவர்தான் ரேகையைப் பார்த்து வடிவத்தை முதலில் எடுத்து, துளையைப் பிறகு போட்டார். உண்மைதான். ஆனால் அந்த முறையில் துளை அரை மில்லிமீட்டர் பிசகினாலும் முடிந்த வடிவமே பாழ். சுதந்திரம் கூடியபோது துல்லியமும் கூடவேண்டியிருந்தது. அவர் மகன் லார்ஸ் இவர்சனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ப்ளோஃபிஷ்' (பேத்தை மீன்) வடிவத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் புள்ளிப் புள்ளியாகப் பறவைக்கண் ரேகை தெரியும்படி, நடுவில் நேர்க்கோடுகள் ஓடும்படி, கட்டையையே அந்தக் கணக்கில் திருப்பி வைத்து எடுத்தது அது. மனம்போன வடிவம் அல்ல. 1970களில் ஜப்பானிலிருந்து கோபன்ஹேகன் வந்து சிக்ஸ்டனிடம் பயின்ற ஹிரோயுகி தோகுதோமி, பின்னாளில் சமச்சீரையே உடைத்துத் தன் வழியில் பைப் செய்தார். உடைப்பதற்கு முன்னால் அவருக்குச் சமச்சீர் கைவந்திருந்தது. அதனால் முதல் வருஷத்தில் ஒருவர் என்னிடம் கருத்துக் கேட்டால், பில்லியர்ட் கொண்டுவாருங்கள் என்றுதான் சொல்வேன். அதில்தான் இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேச முடியும்.

எப்படிச் சொல்வது? 'நல்லா இருக்கு, ஆனா ஏதோ இடிக்குது' என்று சொல்வதைவிடச் சும்மா இருக்கலாம். கேட்டவன் வீட்டுக்குப் போய் இரவெல்லாம் எது இடிக்கிறது என்று தேடுவான். 'தண்டு நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது, கீழ்ப்பக்கம் அரை மில்லிமீட்டர் எடுக்கலாம்' என்றால் அவன் உடனே அரத்தை எடுப்பான். 'கிண்ணமும் தண்டும் சேருகிற மடிப்பில் உப்புத்தாள் கோடு தெரிகிறது, சாயம் போட்டதும் கறுப்பாக எழுந்துவிட்டது' என்றால் அடுத்த பைப்பில் அந்த மடிப்புக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுப்பான். தண்டும் வாய்க்குழலும் சேருமிடத்தில் விளிம்பு மழுங்கியிருந்தால், இரண்டையும் தனித்தனியே தேய்த்திருக்கிறான் என்று அர்த்தம். இணைத்தபடியே தேய்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்றிலும் திட்டு இல்லை, பாராட்டும் இல்லை. முகவரி இருக்கிறது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மரத்தின் குறையைச் செய்தவன் தலையில் கட்டாதீர்கள். பிரையர் முண்டுக்குள் மண்ணும் கல்லும் புகுந்து குழி விட்டிருக்கும். அரைகுறையாகக் கடைந்த பிறகுதான் அது தெரியவரும். குழி இருப்பது குற்றமல்ல. அதைப் புட்டிக் கலவை வைத்து அடைத்து, சாயம் பூசி, சொல்லாமல் முழு விலைக்கு விற்பதுதான் குற்றம். அந்த இடத்தில் நான் நயமாகப் பேச மாட்டேன்.

கேட்டுக்கொள்கிறவன் பக்கம் வருகிறேன். அவனுக்கு வருகிற முதல் ஆசை விளக்கம் சொல்வது. 'குழி வந்தது, அதைத் தவிர்க்கத்தான் தண்டை ஒல்லியாக்கினேன்.' உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பைப் கைமாறிப் போகும்போது அந்த விளக்கம் கூடப் போகாது. பார்க்கிறவன் கண்ணுக்குத் தண்டு ஒல்லி, அவ்வளவுதான். சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வாங்குகிறவரின் பாராட்டை விமர்சனக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் கொடுத்து வாங்கியவர் தன் தேர்வை மெச்சிக்கொள்கிறார். அதில் உங்களுக்குச் சேதி குறைவு. ஆறு மாதம் பிடித்த பிறகு அவர் சொல்கிற புகாரில் நிறைய இருக்கும்.

அதற்காகச் சொல்கிறவர் எல்லோருக்கும் தலையாட்டவும் வேண்டாம். ஆங்கிலேய பாணியில் ஊறியவர் ஒருவர் இத்தாலியப் பைப்பைப் பார்த்து 'தண்டு தடிமன், கிண்ணம் குண்டு' என்பார். இத்தாலியின் கான்டூ ஊரில் கார்லோ ஸ்கோட்டி 1947இல் தொடங்கிய காஸ்டெல்லோ பட்டறையின் பைப்புகளைக் கையில் எடுத்தால், அந்தக் குண்டுதான் அங்கே லட்சணம். எந்த மரபின் அளவுகோலை எடுத்து வைக்கிறார் என்று முதலில் பாருங்கள். நீங்கள் அந்த மரபில் செய்யவே இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் ஒருவர் ஆங்கிலேயப் பழக்கத்தில் ஒல்லியாக்கச் சொல்கிறார், இன்னொருவர் டேனிஷ் பழக்கத்தில் வளைக்கச் சொல்கிறார், இரண்டு பேர் விரலும் அதே மடிப்பில் போய் நிற்கிறது என்றால், யோசனை இரண்டையும் தள்ளிவிட்டு அந்த மடிப்பை மட்டும் திரும்பப் பாருங்கள். பைப்பைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், கண்ணாடியில் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தப்பினது அப்போது தெரியும்.

அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில் செயின்ட் சார்லஸ் ஊரில் பல ஆண்டுகள் மே மாதம் பைப் கண்காட்சி கூடியது. நாடு நாடாகச் செய்கிறவர்களும் சேகரிக்கிறவர்களும் அங்கே வந்தார்கள். அப்படி ஒரு கூடத்தில் பக்கத்து மேசைக்காரரின் பைப்பை எடுத்து, வாய்க்குழலைக் கழற்றி, துளை வழியாக விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். உரியவரிடம் கேட்டுவிட்டுக் கழற்றுங்கள். சூடாக இருக்கும்போது கழற்றாதீர்கள், கழுந்து முறியும்.

பின்னால் மேசையில் நான்கு பைப்புகள் வைத்திருக்கிறேன். எதிலும் புகையிலை இல்லை, பெரியவர் தைரியமாக எடுத்துப் பார்க்கலாம். பஞ்சுக்கம்பியும் வெர்னியர் அளவுகோலும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்றில் துளை மேலே ஏறியிருக்கிறது, இன்னொன்றில் கழுந்து குட்டை. எது எது என்று கண்டுபிடித்து, தேநீர் முடிவதற்குள் ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் எழுத வேண்டும். 'ஏதோ இடிக்குது' என்று எழுதினால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வணக்கம்.