பாய்காட்: ஒரு வினைச்சொல்லின் இரண்டு முகங்கள்

நண்பர்களே,

தேர்தலை, கூட்டத்தை, அந்நியப் பொருளை, எதைக் கூட்டாகப் புறக்கணித்தாலும் ஆங்கிலத்தில் ‘பாய்காட்’ என்கிறார்கள். அந்த வினைச்சொல் உண்மையில் ஒரு மனிதரின் பெயர்.

சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்த முகவர். விளைச்சல் பொய்த்ததால் குத்தகையைக் குறைக்கும்படி குடியானவர்கள் கேட்டார்கள். கேட்ட அளவுக்குப் பிரபு இறங்கி வரவில்லை. 1880 செப்டம்பரில் பாய்காட் வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார். அதே மாதம் 19ஆம் தேதி, குத்தகைக் குடியானவர்களுக்காகப் போராடிய நிலச் சங்கத்தின் தலைவர் பார்னெல் என்னிஸ் நகரில் பேசினார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தைப் பிடிப்பவனை என்ன செய்யலாம் என்று கேட்டார். “சுட்டுத் தள்ளு” என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. வேண்டாம், தெருவிலும் கடையிலும் சந்தையிலும் அவனோடு பேசாதீர்கள் என்றார் பார்னெல்.

மேயோ மக்கள் அதைப் பாய்காட்டிடமே செய்து காட்டினார்கள். வேலையாட்கள் போய்விட்டார்கள். துணி துவைக்க ஆளில்லை. கடைக்காரர்கள் சாமான் கொடுக்க மறுத்தார்கள். நவம்பரில் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டர் பக்கத்திலிருந்து 50 பேர் வந்து, படைக் காவலோடு அறுவடை செய்தார்கள். அதற்கான செலவு சுமார் 10,000 பவுண்டு என்று கணக்கிட்டார்கள். விளைச்சலின் மதிப்பு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தை விட்டே போனார். அதற்குள் அவர் பெயர் பத்திரிகைகளில் வினைச்சொல்லாகிவிட்டது.

நான் ஒருவன் மட்டும் ஒரு கடைக்குப் போகாவிட்டால் அது பாய்காட் ஆகாது. பலர் கூடி, காரணத்தைச் சொல்லி விலக வேண்டும். 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள் பகிஷ்காரத்துக்குத் தீர்மானம் போட்டவர்கள் செய்தது அதைத்தான்.

ஆனால் நம் ஊர்களில் ஒரு தலித் குடும்பத்துக்கு டீக்கடையில் டீ இல்லை, மளிகைக் கடையில் அரிசி இல்லை, வயலில் வேலை இல்லை என்று ஊரே கூடி முடிவெடுக்கும்போதும் செய்தித்தாள்கள் ‘சமூகப் புறக்கணிப்பு’ என்கின்றன. மேயோவில் நிலமற்றவர்கள் நிலம் ஆள்பவரை விலக்கினார்கள். இங்கே நிலமும் கடையும் வைத்திருப்பவர்கள் கூலிக்காரரைப் பட்டினி போடுகிறார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், தலித், பழங்குடி மக்களை இப்படி விலக்குவதையும் விலக்குவதாக மிரட்டுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. செய்தி எழுதும் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அதை ஊர்விலக்கு என்றே எழுதுங்கள். விலக்கியவர்கள் யார் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள்.