எம்.ஆர்.ஐ. படம் எடுப்பது அந்த ‘டக் டக்’ சத்தம் இல்லை!

[திரை: ஸ்கேன் அறை, காதைப் பிளக்கும் சத்தம். சட்டென்று அமைதி.]

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்து எழுந்தவர் யாரைக் கேட்டாலும் முதலில் இந்தச் சத்தத்தைத்தான் சொல்வார். ஆனால் இது கிரேடியன்ட் காயில், அதாவது காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் கூட்டிக் குறைக்கிற கம்பிச்சுருள், அதிரும் சத்தம். உடம்பைத் தட்டி எழுப்புகிற ஆர்.எஃப். பல்ஸ், அதாவது சின்ன ரேடியோ அலைத் துடிப்பு, காதில் விழவே விழாது. இன்றைக்கு அதைத்தான் பிரித்து மேயப்போகிறோம். வேலூர்க்காரர்கள் இருந்து பாருங்கள், நம்ம பஸ் ஸ்டாண்டும் வருகிறது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காந்தத்துக்குள் நம் உடம்பின் ஹைட்ரஜன் கரு, ஒரு டெஸ்லாவுக்கு (காந்தப்புல வலிமையின் அளவு) 42.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் பம்பரம்போல் தலை சுற்றும். 1.5 டெஸ்லாவில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128. அதே அதிர்வெண்ணில் பல்ஸ் கொடுத்தால்தான் கரு சாயும். அவ்வளவுதான்.

சரி, தலை முழுக்க ஒரே அதிர்வெண் என்றால் தலை முழுக்கப் பதில் சொல்லுமே? நமக்கு வேண்டியது ஒரு ஸ்லைஸ், ரொட்டித் துண்டு மாதிரி ஒரு மெல்லிய வெட்டு. அதனால் கிரேடியன்ட் போட்டு இடத்துக்கு இடம் அதிர்வெண்ணை மாற்றுகிறார்கள்.

[திரை: வேலூர் பஸ் ஸ்டாண்டு]

இப்போது கண்டக்டரைக் கவனியுங்கள். ‘ஆரணி, ஆரணி’ என்று முழுசாகக் கூவினால் ஆரணி போகிறவர் மட்டும் பையைத் தூக்குவார். அவசரத்தில் ‘ஆர்’ என்று பாதியில் விழுங்கினால்? ஆற்காடு போகிறவரும் அடித்துப்பிடித்து ஓடிவருவார். பல்ஸும் அச்சு அசல் இந்தக் கதைதான். நேரத்தைக் குறுக்கினால் அதிர்வெண் பட்டை அகலும், கூப்பிடாதவர்களும் எழுந்து வருவார்கள்.

கணக்கே போடலாம். பட்டை 2000 ஹெர்ட்ஸ் உள்ள 2 மில்லிசெகண்ட் சிங்க் பல்ஸ் (நடுவில் பெரிய மேடு, இருபுறமும் சிறுத்துக்கொண்டே போகும் அலைகள்), மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா கிரேடியன்ட்: ஸ்லைஸ் 4.7 மில்லிமீட்டர். பல்ஸை 1 மில்லிசெகண்ட் ஆக்கினால் 9.4! அதோடு, அதே கோணத்துக்குச் சாய்க்க பல்ஸின் உச்ச உயரமும் இரண்டு மடங்கு வேண்டும், உடம்பில் இறங்கும் சூடும் இரண்டு மடங்கு.

சரி, நீட்டிவிடலாமே? ஓரம் கச்சிதமாக வெட்டிய ஸ்லைஸ் வேண்டுமானால் சிங்க் அலை முடிவே இல்லாமல் ஓட வேண்டும். அதுவரை நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார். வாலை நறுக்கென்று வெட்டினால் ஸ்லைஸ் ஓரத்தில் சிற்றலை எழும். ஹேமிங் என்கிற சரிவு வடிவத்தில் மெல்ல இறக்கினால் அது அடங்கும், ஓரக் கூர்மை கொஞ்சம் மழுங்கும். எனக்கு இந்தப் பேரம்தான் எம்.ஆர்.ஐ.யிலேயே அழகான இடம். ஒத்துக்கொள்ளாதவர்கள் கமென்டில் வாருங்கள். 90, 180 டிகிரி அளவுக்குக் கருவைச் சாய்க்க வேண்டுமானால் இந்த எளிய கணக்கு தடுமாறும். அங்கே பல்ஸை வடிவமைக்க ஷின்னார்–லெ ரூ என்கிற கணித முறை.

இனி கோளாறு. பக்கத்துப் பக்கத்து ஸ்லைஸ்கள் மங்கலா? ஆற்காடு ஆள் ஏறிவிட்டார், அதாவது பல்ஸ் பக்கத்து ஸ்லைஸையும் தொட்டுவிட்டது. இடைவெளி விடுங்கள், இல்லை 1, 3, 5 எடுத்து முடித்து 2, 4, 6 எடுங்கள்.

படத்தின் குறுக்கே ஜிப் வைத்தது போல் புள்ளிக் கோடா? பல்ஸை நோண்டுவதற்கு முன்னால் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா பாருங்கள். செப்புத் தகடு போர்த்திய அறையில் கதவு திறந்திருந்தால் வெளி ரேடியோ உள்ளே வரும். அப்புறம் அறைக்குள் இருக்கும் மின்கருவிகளை ஒவ்வொன்றாக அணையுங்கள்.

3 டெஸ்லாவில் வயிற்றின் நடுவே கருப்பா? காயிலைத் திட்டாதீர்கள். நீர் நிறைந்த திசுவுக்குள் அலைநீளம் சுமார் 26 சென்டிமீட்டராகச் சுருங்கி, வயிற்றின் அளவுக்கே வந்துவிடுகிறது. அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. டைஎலெக்ட்ரிக் பேட் (ரேடியோ அலையின் பரவலைச் சீராக்க உடம்பின் மேல் வைக்கும் மெத்தை) வைக்கலாம், இரண்டு தனித்தனி வழியில் (சேனலில்) பல்ஸ் அனுப்பலாம். வயிற்றில் நீர் கோத்தவர் என்றால் பேசாமல் 1.5 டெஸ்லாவே தேவலை.