பாதி வசனத்தில் நிறுத்தியவர்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் வாசிக்கப் பையன்களையும் ஏற்றிவிடுவார்கள். எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். கை நடுங்க வாசித்துக்கொண்டே வந்தவன், கடைசி வசனத்தின் பாதியிலேயே "இத்துடன் பாடம் முடிகிறது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். முன்வரிசையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணைத் திறந்தார். மீதி வசனத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே உரக்கச் சொல்லி முடித்தார். அப்புறம்தான் ஆராதனை நகர்ந்தது. மனப்பாடமான வசனத்தை யாராவது பாதியில் விட்டால் காது சும்மா இருக்காது.

நாசரேத்து ஜெபஆலயத்தில் அன்று இருந்ததும் அப்படிப்பட்ட காதுகளாகத்தான் இருக்கவேண்டும். இயேசு தாம் வளர்ந்த ஊருக்கு வருகிறார். ஓய்வுநாளில் வாசிக்க எழுந்து நிற்கிறார். தீர்க்கதரிசியாகிய ஏசாயாவின் புஸ்தகத்தைக் கையில் கொடுக்கிறார்கள். புஸ்தகம் என்றதும் நம்முடைய கறுப்பு அட்டை வேதாகமத்தை நினைத்துவிடாதீர்கள். அது தோல் சுருள். 1947இல் சாக்கடலோரம் கும்ரான் குகையில் ஆடு மேய்த்த பதூயின் மக்கள் கையில் கிடைத்த ஏசாயா சுருள், 17 தோல்களைச் சேர்த்துத் தைத்தது. நீளம் சுமார் 7.3 மீட்டர். ஒன்பது கஜச் சேலைக்கு ஒரு கஜம்தான் குறைவு. இயேசு பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தி எழுதப்பட்டது. அதிகார எண் கிடையாது, வசன எண்ணும் கிடையாது. இன்று நாம் 61ஆம் அதிகாரம் என்கிற இடம் கிட்டத்தட்டச் சுருளின் கடைசியில் இருக்கிறது. ஒரு கையால் விரித்து, மறு கையால் சுருட்டிக்கொண்டே போகவேண்டும். இந்தச் சம்பவத்தைச் சுவிசேஷத்தில் எழுதிய லூக்கா அதை ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்: "கண்டார்." எனக்கு அந்தச் சுருட்டும் சத்தம் காதில் கேட்கிறது.

வாசிக்கிறார். தரித்திரருக்குச் சுவிசேஷம், சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, குருடருக்குப் பார்வை, "கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தைப் பிரசித்தப்படுத்தவும் என்னை அனுப்பினார்." அத்தோடு சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

வீட்டில் வேதாகமம் இருந்தால் ஏசாயா 61:2ஐயும் லூக்கா 4:19ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏசாயாவில் அந்த வாக்கியம் முடியவில்லை. "கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தையும், நம்முடைய தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளையும் கூறவும்" என்று ஓடுகிறது. நடுவில் இருப்பது ஒரு கமா. அந்தக் கமாவில் இயேசு நிறுத்துகிறார். பிறகு, "இந்த வேதவாக்கியம் இன்று உங்கள் காதுகள் கேட்க நிறைவேறிற்று" என்கிறார். நிறைவேறியது வாசித்த பாதி. மீதிப் பாதியை அவர் அழிக்கவில்லை. அன்றைக்கு அதை வாசிக்கவில்லை, அவ்வளவுதான். தீர்க்கதரிசனத்தைப் பற்றி யார் பேசக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இந்தக் கமா இருக்கிறதா என்றுதான்.

அநுக்கிரக வருஷம் என்றால் என்ன? லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற யூபிலி வருஷத்தை நினைத்துத்தான் ஏசாயா பேசுகிறார். கடன் கழுத்தை நெரித்து அப்பா நிலத்தை விற்றிருப்பார். வாங்கியவர் கையில் போனது உண்மையில் நிலம் அல்ல, யூபிலி வரைக்குமான விளைச்சல். அதனால்தான் மிச்சம் எத்தனை வருஷம் என்று எண்ணி விலை வைத்தார்கள். நம் ஊரில் குத்தகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாம் வருஷம், ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவாரண நாளில் எக்காளம் ஊதும். மகன் தன் காணியாட்சிக்குத் திரும்பி நடப்பான், கையில் ஒரு காசு இல்லாமல். கடனுக்காகத் தன்னையே விற்றுக்கொண்டவனும் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போவான். இரட்சிப்பு என்கிற வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். எனக்கு அதன் அர்த்தம் தெரிவது அந்தக் காலிக் கையில்தான். சம்பாதித்து மீட்கவில்லை, எக்காளம் கேட்டு நடந்தான்.

சரி, நாசரேத்தார் ஏன் கோபப்பட்டார்கள்? முதலில் அவருடைய கிருபையுள்ள வார்த்தைகளைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள் என்றுதான் லூக்கா எழுதுகிறார். பிறகு இயேசு இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறார்: சீதோன் நாட்டுச் சாறிபாத் ஊர் விதவை, சீரியனாகிய நாகமான். இருவரும் அந்நியர். அதிலும் நாகமான் எதிரிப் படையின் தளபதி. அவன் வீட்டில் வேலை செய்த சிறு பெண், சீரியர் இஸ்ரவேலிலிருந்து பிடித்துக்கொண்டு போனவள். கணக்குத் தீர்க்கவேண்டிய ஆள் என்று ஒரு பட்டியல் போட்டால் அவன் பெயர்தான் மேலே இருக்கும். அவனுக்குக் குஷ்டம் நீங்கியது என்று நினைவுபடுத்துகிறார். எந்த வரியை அவர் விட்டாரோ அந்த வரியை யார்மேல் எதிர்பார்த்தார்களோ, அவர்களுக்கே அநுக்கிரகம்! ஊர் எழுந்தது. மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நீதியைச் சரிக்கட்டும் நாள் என்றதும் நம்மில் பலருக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் ஏசாயாவில் அதே மூச்சில் வருவது "துயரப்பட்ட அனைவருக்கும் ஆறுதல்செய்யவும்" என்பது. நிலத்தைப் பறிகொடுத்த விதவைக்கு, தீர்ப்பு நாள் என்பது வழக்கு கடைசியில் எடுக்கப்படும் நாள். அதனால் மீதிப் பாதியும் வந்தே தீரவேண்டும். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று நாம் தினமும் கேட்பது அதைத்தான். தேதி மட்டும் நமக்குத் தரப்படவில்லை. "குமாரனும் அறியார்" என்று மாற்கு 13இல் அவரே சொல்லிவிட்டார்.

அவருடைய வருகைக்குத் தேதி குறித்தவர்கள் இல்லாமலில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் 8:14இன் 2300 இராப்பகலை 2300 வருஷமாக எடுத்து, கி.மு. 457இலிருந்து எண்ணினார். கடைசியில் அவரைச் சேர்ந்தவர்கள் நிச்சயித்த நாள் 1844 அக்டோபர் 22. ஏன் அந்த நாள்? அந்த வருஷம் ஏழாம் மாதம் பத்தாம் தேதி அன்றுதான் வருகிறது என்று கணித்தார்கள். யூபிலி எக்காளம் ஊதுகிற அதே நாள். சிலர் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். விடிந்தது 23ஆம் தேதி. அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. விடிய விடிய அழுதவர்கள் அவர்கள். வருகையை அவ்வளவு ஆசையாக எதிர்பார்த்த ஜனம் இன்று எங்கே? ஆனால் கமாவை அவர்கள் கையால் அழித்துவிட்டார்கள். 2011இல் ஹெரால்ட் கேம்பிங் என்ற அமெரிக்கப் பிரசங்கி மே 21 என்றார், அப்புறம் அக்டோபர் 21 என்றார். மறு வருஷம், அது பாவம் என்று ஒப்புக்கொண்டார். அவர் அறிவித்தது வானொலியில். அதனால் இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

இந்தக் கமா அதிகம் வலித்தது, இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான்ஸ்நானனுக்கு. கோடாரி மரத்தின் வேரருகே வைத்திருக்கிறது, பதரை அவியாத அக்கினியில் சுட்டெரிப்பார் என்று பிரசங்கித்தவர். அவர் எதிர்பார்த்தது இரண்டாம் பாதியை. கிடைத்தது ஏரோதின் சிறை. அது சாக்கடலுக்குக் கிழக்கே மகேருஸ் கோட்டை என்று முதல் நூற்றாண்டு யூத சரித்திர ஆசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அந்தக் கடலின் மறுகரையில்தான் ஏசாயா சுருள் கிடைத்த குகை. அங்கிருந்து யோவான் இரண்டு சீஷர்களை அனுப்பிக் கேட்கிறார்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?"

இயேசு மறுபடியும் ஏசாயாவைத்தான் எடுக்கிறார். குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது. நாசரேத்தில் வாசித்ததில் முக்கியமான ஒன்று இந்தத் தடவை இல்லை: சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை. கேட்டவரோ சிறையில் இருக்கிறார். கூடவே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறார்: "என்னிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் எவனோ அவன் பாக்கியவான்."

சீஷர்கள் அந்தப் பதிலோடு திரும்பிப் போனார்கள். அதைக் கேட்டு யோவான் என்ன சொன்னார் என்று எந்தச் சுவிசேஷமும் எழுதவில்லை.